ஒரு சாண் நாடா

நான் வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு அட்டை உண்டு. நாற்பத்தொன்றாம் அட்டையில் பென்சிலால் எழுதிய வரி ஒன்று இருக்கிறது: “முன்நுனி ஒரு சாண் வெட்டப்பட்டது. வெட்டியது செல்வராணி.” புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஹசீனா அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னக்கா இது? நாடாவுல ஒரு நூல் கூட வெட்டக் கூடாதுன்னு நீங்கதான தெனமும் சொல்றீக?”

எனக்குப் பேச வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பேரைச் சொல்வதற்கே வார்த்தை தடுக்கும். “எழுதித் தாரேன், படிச்சுக்க” என்றேன். வேலையை விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சிங்கம்புணரிக்காரி. பத்தாம் வகுப்பு முடித்து, கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பாட்டுப் பதிவுக் கடை இருந்தது. வாடிக்கையாளர்கள் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பாட்டுகளை வெறும் கேசட்டில் ஏற்றித் தருவது என் வேலை. பலகை அடித்த சின்ன அறை, காதில் ஹெட்போன், யாரோடும் பேச வேண்டாம். என்னைப் போன்றவளுக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது. நாடா சிக்கிக்கொண்ட கேசட்டுகளும் வரும். ஐந்து திருகாணியைக் கழற்றி, சிக்கெடுத்து, ஒட்டி, மறுபடி மூடிக் கொடுப்பேன். நாடாவின் முதல் ஒரு சாண்தான் அதிகம் கசங்கும். கடை முதலாளி பழக்கிய பழக்கம், அந்த ஒரு சாணை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டுவது. “அதுல பாட்டா இருக்கு? சுருக்கந்தான இருக்கு. வெட்டிப் போடு தாயி” என்பார். ஆயிரக்கணக்கில் வெட்டியிருப்பேன்.

பிறகு கேசட் போயிற்று. கடையும் போயிற்று. நான் வீட்டோடு இருந்தேன்.

பல வருஷம் கழித்து ஒருநாள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது இளையவர். “கேசட் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச அக்கா நீங்கதானா?” என்று கேட்டார். அவர்தான் சொக்கலிங்கம் சார். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பூர்வீக வீட்டில் தன் பங்குக்கு வந்த இரண்டாம் கட்டு என்னும் உள்பகுதியில் பழைய விளையாட்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டென்றால் தாயமோ பரமபதமோ இல்லை. டிவியில் ஆடும் விளையாட்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில், வெளிநாடு போய் வந்த சில வீடுகளுக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. டிவியோடு இணைத்தால் படம் வரும். கால்குலேட்டரில் இருப்பது போலக் கொஞ்சம் பொத்தான்கள், கையில் பிடிக்க ஒரு குச்சி. கம்பெனிக்காரன் எழுதிய விளையாட்டுகளைத் தவிர, நாமே எழுதவும் அதில் ஒரு வழி இருந்தது. ஆனால் இடம் மிகக் கொஞ்சம். ஒரு இன்லண்ட் லெட்டரில் நுணுக்கி எழுதினால் எவ்வளவு எழுதலாமோ அவ்வளவுதான் அந்தப் பெட்டியின் ஞாபகம். பெட்டியை அணைத்தால் அதுவும் அழிந்துவிடும். அதனால் எழுதியதைச் சத்தமாக மாற்றிச் சாதாரணப் பாட்டுக் கேசட்டில் பதிந்து வைப்பார்கள். காரைக்குடியைச் சுற்றி இப்படி எழுதியவர்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் கூட. கேசட்டுகளைத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். யார் என்ன எழுதினார்கள் என்று சைக்ளோஸ்டைலில் நகலெடுத்த தாள் ஒன்றும் சுற்றியது. ஐந்தாறு வருஷத்தில் எல்லாரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கேசட்டுகள் மட்டும் பெட்டகங்களில் கிடந்தன.

முதல் நாள் சார் எனக்கு ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டினார். நீளமாக ஒரு ஊதல். அப்புறம் தகரத்தில் மழை பெய்வது போல ஒரு கரகரப்பு.

“ஹெட்டுல அழுக்கு சார்” என்றேன். நாடா உரசும் அந்தத் தலையைத் துடைக்கப் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் தேடினேன்.

அவர் சிரிக்கவில்லை. “அழுக்கு இல்லக்கா. இதான் விளையாட்டு” என்றார்.

பிறகு அந்தச் சத்தத்தைப் பெட்டிக்குள் ஓட விட்டார். டிவியில் ஒரு சின்ன மாட்டுவண்டி கட்டம் கட்டமாக வந்து நின்றது. நான் வெகுநேரம் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்துக்குள் ஒரு வண்டி இருந்திருக்கிறது. நான் அழுக்கென்று துடைக்கப் பார்த்திருக்கிறேன்.

சார் ஒரு கேசட்டைத் தொடுவதற்கு முன் அதன் எண்ணை வாய்விட்டுச் சொல்வார். “பதினேழு” என்பார், பிறகுதான் எடுப்பார். தூங்குகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தொடுவோமே, அந்த மாதிரி. செய்வதையெல்லாம் அட்டையில் எழுத வேண்டும். எந்த டெக்கில் ஓடியது, திருகாணியை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினோம், எத்தனை முறை ஓட்டினோம், எல்லாம். அதுவும் பென்சிலில்தான்.

“பென்சில் அழிஞ்சு போகாதா சார்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அழிச்சாலும் தடம் தெரியும்க்கா. மை கரைஞ்சா ஒன்னும் தெரியாது.”

“தப்பா எதும் செஞ்சிட்டா?”

“செஞ்சதை எழுதுங்க. சரியா தப்பான்னு பின்னாடி வாரவங்க பாத்துக்கிருவாங்க.”

வேலை முறை இதுதான். முதலில் நாடாவைக் கேட்க வேண்டும். பதிந்த டேப்ரிக்கார்டரில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுக்கு நம் ஹெட்டைக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரு சின்னத் திருகாணி உண்டு. காதில் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, திருகாணியை முடியளவு முடியளவாகத் திருப்புவேன். மங்கலாக இருக்கும் சத்தம் ஓரிடத்தில் பளிச்சென்று விழிக்கும். அங்கே நிறுத்திவிடுவேன். பிறகு ஒரே ஓட்டம். கம்ப்யூட்டரில் அப்படியே பிரதி எடுப்பது, எதையும் சுத்தம் செய்யாமல். அந்தப் பிரதியைப் பெட்டிக்குள் விட்டு விளையாட்டு எழுகிறதா என்று பார்ப்பது.

எழுந்தால் சார் எப்போதும் ஒன்று செய்வார். டிவியின் வண்ணத்தை மாற்றி வைப்பார். அந்தப் பெட்டியில் இடம் போதாததால், எழுதிய விளையாட்டைப் படத்துக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தார்களாம். வண்ணம் சரியாக இருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. மாற்றினால் திரை முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் வரும், தூறல் விழுந்த தரை மாதிரி. “இதான்க்கா எழுதுனவங்க கை” என்பார். அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போது எனக்குத் தூக்கத்தில் நடப்பது போல இருக்கும். படத்தைப் பார்க்கிறோம், படத்துக்கு அடியில் அதை எழுதியவர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் ஊர் சிங்கம்புணரியிலிருந்து ஒரு கேசட் வந்தது. எத்தனை முறை ஓட்டியும் பெட்டி அதை ஏற்கவில்லை. சார் இரண்டு வாரம் போராடினார். நான் கேட்டுக்கொண்டே இருந்ததில் ஒன்று பிடிபட்டது. கரகரப்புக்கு அடியில் கரண்டின் உறுமல் ஒன்று மெல்லியதாக இருந்தது. அது ஏறி ஏறி இறங்கியது. எங்கள் ஊரில் கயிறு திரிக்கும் மோட்டார்களைப் போட்டால் வீட்டு பல்பெல்லாம் சுருங்கும். பதிவு நடக்கும்போது கரண்டு குறைந்து டேப்ரிக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது. “சார், இந்த உறுமலைச் சுருதியா வச்சுக்கிட்டு, அது ஏறாம எறங்காம டெக்கோட வேகத்தை நான் கையால திருப்பிக்கிட்டே வரட்டுமா?” என்றேன். அதுதான் நான் அவரிடம் பேசிய மிக நீளமான வாக்கியம். நாலாம் ஓட்டத்தில் பெட்டி ஏற்றுக்கொண்டது. சார் அட்டையில் “செல்வராணி காதால் இழுத்துப் பிடித்தார்” என்று எழுதினார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது என் கால் தரையில் பட்டதாக ஞாபகம் இல்லை. அந்தப் பெருமை எனக்கு நல்லதில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்து வந்ததுதான் நாற்பத்தொன்று.

கண்டரமாணிக்கத்தில் ஒரு வீட்டை வெள்ளையடிக்க ஒதுக்கியபோது மாடி அறையில் கிடைத்ததென்று அனுப்பியிருந்தார்கள். ஓட்டி முடித்துத் திருப்பிச் சுற்றாமல் அப்படியே வைத்த கேசட். ஓட்டுக் கூரைக்கடியில் முப்பது முப்பத்தைந்து கோடை வெந்திருக்கிறது. சைக்ளோஸ்டைல் தாளில் அதன் பேர் “வளவு மழை” என்றிருந்தது. எழுதியவர் நாச்சியப்பன். வளவு என்றால் செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றம். கேசட்டைப் பிரித்து, நாடாவைத் திருப்பிச் சுற்றினேன். முன்நுனி விசிறி மடிப்பாகக் கசங்கிக் கிடந்தது. கத்தரியை எடுத்தேன். ஒரு சாணை வெட்டினேன். ஒட்டினேன். வெட்டியதைக் குப்பைக் கூடையில் போட்டேன். அட்டையில் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சாப்பிடுவதற்கு முன் கை கழுவினேன் என்று யாராவது எழுதிவைப்பார்களா? அந்த மாதிரி, அது என் கணக்கில் ஒரு செய்கையாகவே படவில்லை.

விளையாட்டு முதல் ஓட்டத்திலேயே எழுந்தது. அதைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. திரையின் நாலு ஓரமும் நாலு பக்கத்துக் கூரை. நடுவில் முற்றம். நாலு கூரையிலிருந்தும் மழைத்துளிகள் சறுக்கி விழுகின்றன. குச்சியை அசைத்து ஒரு அண்டாவை இங்குட்டும் அங்குட்டும் நகர்த்தித் துளிகளைப் பிடிக்க வேண்டும். அண்டா நிறைந்தால் மழை நின்று, திரை ஒரு நொடி வெளுத்து, மறுபடி தூறத் தொடங்கும். அவ்வளவுதான். தோற்பது என்று ஒன்று அதில் இல்லை. மழை மட்டும் நேரத்துக்கு நேரம் வேகமாகும். சார் அரைமணி நேரம் ஆடினார். நான் பக்கத்தில் நின்று துளிகள் விழுவதைப் பார்த்தேன். வெளியே சித்திரை வெயில்.

அமெரிக்காவில் இருந்த நாச்சியப்பனைச் சார் போனில் பிடித்தார். “ஆமாப்பா, நான்தான் எழுதுனேன். இன்னும் ஓடுதா அது?” என்று கேட்டாராம். அட்டையில் பேர் ஏறியது. மறுவாரம் எல்லா விளையாட்டுகளையும் உலகத்துக்கே இணையத்தில் திறந்துவைப்பதாக இருந்தது.

அதற்கு நாலு நாள் முன்பு, காலையில், ஒரு ஆச்சி வந்தார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பருத்திச் சேலை, கையில் துணிப்பை. நாச்சியப்பனின் தங்கை, பேர் தெய்வானை. தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டவர்கள்.

“மழையப் பாக்கலாமா?” என்று கேட்டார்கள்.

சார் போட்டுக் காட்டினார். ஆச்சி குச்சியைக் கையில் வாங்கியதும் முதுகு நிமிர்ந்தது. ஒரு துளியைக் கூடத் தவறவிடவில்லை. எந்தக் கூரையிலிருந்து அடுத்த துளி வரும் என்று அது வருவதற்கு முன்பே அண்டா அங்கே போய் நின்றது.

சார் ஆட்டத்தை விட்டுவிட்டு ஆச்சியின் கையையே பார்த்தார்.

“நல்லா ஆடுறீக ஆச்சி.”

“ஆடுறதென்னப்பா, நான் எழுதுனதுதான?” திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்கள். “அண்ணன் பெட்டியக் கொண்டாந்து வச்சிட்டு லீவு முடிஞ்சு போயிட்டாக. மத்தியானம் வீடே தூங்கும். நான் மட்டும் அதுகூட உக்காந்திருப்பேன். பத்தொம்பது வயசு. கல்யாணத்துக்குச் சாமான் அடுக்கிக்கிட்டு இருந்தாக.”

“தாள்ல அண்ணன் பேரு இருக்கு ஆச்சி.”

“இருக்கும். பொம்பளப்பிள்ள பேரைப் போட்டா, ஊரு பேரு தெரியாத ஆம்பளைக பூரா எம்பேருக்குக் கடுதாசி போடுவாக. வாரதுக்கு நின்ன மாப்பிள்ளையும் வரமாட்டாரு. அதான் அண்ணன் பேரைப் போட்டு அனுப்புனேன்.”

“அண்ணன்கிட்ட நானே கேட்டேன். தான் எழுதினதாத்தான் சொன்னாக.”

“பொய் சொல்லலப்பா. முப்பத்தஞ்சு வருசமா அந்தத் தாள்ல தம்பேரைப் பாத்துக்கிட்டு இருக்காக, நம்பிட்டாக. நான் சண்டைக்கு வரல. பெட்டி அவுகளது. மழை என்னோடது. அத ஒரு எடத்துல எழுதி வச்சாப் போதும்.”

சார் தயங்கினார். எனக்கு அவரைத் தெரியும். வாய்ச்சொல்லை வைத்து அட்டையைத் திருத்துகிறவர் இல்லை. “எதை வச்சு மாத்துறது ஆச்சி? நாளைக்கு ஒருத்தர் வந்து நான் எழுதினேன்னா அதையும் எழுதணும்ல?”

ஆச்சி ஆச்சரியமாகப் பார்த்தார்கள். “ஏம்ப்பா, கேசட்டுலதான் சொல்லியிருக்கேனே. ஊதல் வாரதுக்கு முன்னாடி. ‘வளவு மழை, எழுதியது தெய்வானை’ன்னு. யாருக்கும் தெரியாம எனக்குன்னு வச்சுக்கிட்டது. கேக்கலையா நீங்க?”

சார் என்னைப் பார்த்தார். “ராணியக்கா, முன்னாடி குரல் எதும் இருந்துச்சா?”

என் உள்ளங்கையில் கத்தரியின் வளையம் அழுந்தியது போல இருந்தது. கத்தரி மேசையில்தான் கிடந்தது. குப்பைக் கூடையில் போட்டது ஒரு மாதத்துக்கு முன்பு. “இல்லை சார்” என்றேன். அது பொய்யும் இல்லை. நான் ஒரு குரலையும் கேட்கவில்லை.

ஆச்சி குச்சியைக் கீழே வைத்தார்கள். “அப்ப அழிஞ்சு போச்சு போல” என்றார்கள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். வாசல் வரைக்கும் போய்விட்டார்கள்.

நான் பின்னாலேயே ஓடினேன். எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. “ஆச்சி, அழியலை. நான்தான் வெட்டிப் போட்டேன்” என்றேன். “முன்னாடி ஒரு சாண் கசங்கியிருந்துச்சு. கடையில வெட்டுற பழக்கம். கேக்காமயே வெட்டிட்டேன்.”

ஆச்சி திரும்பி என்னைப் பார்த்தார்கள். “ஒரு சாணுலதான் நான் இருந்தேன்” என்றார்கள். பிறகு காரில் ஏறிக்கொண்டார்கள்.

சாரும் கத்தவில்லை. “நாற்பத்தொன்று” என்று வாய்விட்டுச் சொல்லி அட்டையை எடுத்தார். பென்சிலைச் சீவி என் முன்னால் வைத்தார். “எழுதுங்கக்கா.” நான் எழுதியதுதான் ஹசீனா படித்த அந்த வரி. ஒன்பது எழுத்துக்கு ஒருமுறை முனை ஒடிந்தது. அவர் ஒவ்வொரு முறையும் வாங்கிச் சீவிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை. வளவில் தூணோரமாக உட்கார்ந்திருந்தேன். பாட்டுக்கடை நாட்கள் வந்து வந்து போயின. பலகை அறை, ஹெட்போன், பாட்டு தொடங்கக் காத்திருக்கும் அந்த வெறும் இடம். அந்த வெறும் இடம் எப்போதும் வெறுமையாக இருக்காது. பழைய கேசட்டென்றால், பாட்டு தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்பே அந்தப் பாட்டு எங்கோ ஏழு வீடு தள்ளிப் பாடுவது போலக் கேட்கும். சிலவற்றில் பாட்டு முடிந்த பிறகும் கேட்கும். சுருண்டு கிடக்கும் நாடா ஒன்றின் மேல் ஒன்று படுத்துப் படுத்து, ஒரு சுற்றின் சத்தம் அடுத்த சுற்றில் மெல்லிசாக ஒட்டிக்கொள்ளும். வெயிலில் கிடந்தால் இன்னும் ஒட்டும். வாடிக்கையாளர்கள் அதைக் குறை என்று திருப்பிக்கொண்டு வருவார்கள்.

நான் எழுந்து உள்ளே போனேன்.

அந்த ஒரு சாண், கேசட்டின் அச்சில் முதலில் சுற்றிக்கொண்டது. மிச்ச நாடா அதன் மேல்தான் சுற்றியிருந்தது. அதுவும் திருப்பிச் சுற்றாமல், முப்பத்தைந்து வருஷம், ஓட்டுச் சூட்டில். வெட்டியதன் கடைசிப் பகுதி, வெட்டாத நாடாவின் முதல் பகுதியோடு முதுகு ஒட்டிக் கிடந்திருக்கிறது.

“சார், நாற்பத்தொன்ன ஒரு தடவை போடணும். ஒட்டு முடிஞ்ச எடத்துலேர்ந்து ஊதல் தொடங்குற எடம் வரைக்கும். சத்தத்தை முழுசா வச்சு.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. எண்ணைச் சொன்னார், எடுத்தார், போட்டார். காதில் ஒரே இரைச்சல். நான் திருகாணியைத் தொட்டேன். கண்ணை மூடினேன். இரைச்சல் ஒரு பெரிய வயல் மாதிரி இருந்தது. வயலின் அந்தக் கரையில் யாரோ நடந்து போனார்கள். மறுபடி ஓட்டினேன். மறுபடி. ஏழாம் முறை அந்த உருவம் திரும்பி நின்று வாயைத் திறந்தது. “...யது தெய்வானை.” அவ்வளவுதான். பிறகு ஊதல் வந்துவிட்டது.

“கேக்குது சார்” என்றேன்.

சார் கேட்டார். இரண்டு முறை, மூன்று முறை. முகம் வாடியது. “எனக்கு ஏதோ இருக்க மாதிரிதான் இருக்குக்கா. ஆனா ஒன்னு சொல்றேன், கோச்சுக்காதீக. ஆச்சி என்ன சொன்னாகன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்ச காதுக்கு இரைச்சல்ல என்ன வேணும்னாலும் கேக்கும்.”

அது நியாயம்தான். எனக்கு வருத்தமாக இருந்தாலும் அது நியாயம்.

மறுநாள், உடைந்த தரைக்கல் மாற்ற ஆத்தங்குடியிலிருந்து கொத்தனார் வந்தார். முதல் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஆச்சி வந்ததோ பேசியதோ அவருக்குத் தெரியாது. சார் அவரைக் கூப்பிட்டார்.

“கொத்தனாரே, கொஞ்சம் இங்குட்டு வாங்க. ஒன்னு கேட்டுச் சொல்லணும்.”

“கை பூரா சிமிண்டு சார்.”

“காதுதான் வேணும்.”

ஹெட்போனை நான் மாட்டிவிட்டேன். “ஷாக்கு கீக்கு அடிக்காதுல்லம்மா?” என்று கேட்டுக்கொண்டார். சார் ஓட்டினார்.

“ஒன்னுமில்லையே சார். அரிசி களையிற மாதிரி இருக்கு.”

“இன்னொரு தடவ கேளுங்க.”

“அரிசிதான்.”

மூன்றாம் முறை கொத்தனாரின் கை தானாக உயர்ந்து ஹெட்போனைக் காதோடு அழுத்தியது. சிமெண்டு ஒட்டிய விரல்கள். வளவில் ஒரு காகம் கத்தியது, அவர் அதை விரட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். நாலாம் முறையும் அவரே கேட்டு வாங்கினார்.

“பொம்பளப்பிள்ள ஒன்னு ரொம்பத் தூரத்துலேர்ந்து கூப்பிடுது சார். தெய்வானைங்குது. தெய்வானை.” ஹெட்போனைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “யாரு சார் அது? பிள்ளையக் கிள்ளையக் காணமா?”

சார் ஹெட்போனை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு அட்டையை எடுத்து, நான் எழுதிய வரிக்குக் கீழே எழுதினார்: வெட்டிய துண்டின் குரல் அடுத்த சுற்றில் ஒட்டியிருக்கிறது, விவரம் அறியாத ஒருவர் கேட்டு உறுதி செய்தார். கொத்தனாரிடம் பென்சிலைக் கொடுத்தார். அவர் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த அட்டையின் ஓரத்தில் இன்னும் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் இருக்கிறது.

அந்த ஒலியைச் சார் நாச்சியப்பனுக்கு அனுப்பினார். ஒருநாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு ஒரே வரி வந்தது: “என் தங்கச்சி குரல்தான். பேரை மாத்திருங்க.”

தேவகோட்டைக்கு நானும் சாரும் போனோம். ஆச்சிக்கு ஹெட்போனை மாட்டியதும் நான்தான். அவர்கள் வெகுநேரம் கேட்டார்கள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

“பேரு கெடச்சிருச்சு” என்றார்கள். “குரல் போச்சு. எங்குரல் அப்ப எப்படி இருந்துச்சுன்னு கேக்கணும்னு ஆசப்பட்டேன். இது யாரு வேணும்னாலும் இருக்கலாம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஆச்சியும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடாமல் போகவிடவில்லை. இலையில் எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றும்போது, “வெட்டுன கைதான, கேட்டும் குடுத்துச்சு” என்றார்கள். சாரிடம் சொன்னார்களா என்னிடம் சொன்னார்களா என்று தெரியாது.

இது நடந்து எட்டு வருஷம் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு நாடாவையும் நான் வெட்டவில்லை. கசங்கிய நுனிகளை ஈரத்துணியும் விரல் சூடும் வைத்து மணிக்கணக்கில் நீவுவேன். பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. ஒன்றில் நாய் குரைத்தது. ஒன்றில் யாரோ “பெட்டியைத் தொடாதடா” என்று அதட்டினார்கள். எல்லாவற்றையும் அட்டையில் எழுதினேன்.

போன வருஷம் அடுப்படியில் தாளிக்கும்போது கடுகு வெடிப்பது காதில் விழவில்லை. கண்ணுக்கு முன்னால் துள்ளுகிறது, சத்தம் இல்லை. அடுத்து திருகாணியைத் திருப்பும்போது சத்தம் விழிக்கும் இடம் தெரியாமல் போயிற்று. கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள் இனிக் கேட்காது என்றார் டாக்டர். வயது காரணமாக இருக்கலாம், இத்தனை வருஷ ஹெட்போன் காரணமாகவும் இருக்கலாமாம். சாரிடம் நானே போய்ச் சொன்னேன். “இன்னும் ரெண்டு வருசம் இருங்கக்கா, அட்டையாவது எழுதுங்க” என்றார். கேட்காமல் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசி நாள் காலையில் ஹசீனா, “எதாவது ஒன்னு கேட்டுட்டுப் போங்கக்கா” என்றாள். “நாற்பத்தொன்று” என்று சொல்லி எடுத்தேன். மூல நாடாவை இப்போது ஓட்டுவதில்லை. அதன் பிரதியை அவள் போட்டாள். ஒட்டு முடியும் இடத்திலிருந்து ஊதல் தொடங்கும் இடம் வரைக்கும். நான் கண்ணை மூடினேன். வயல் இருந்தது. இரைச்சல் கூட முன்பு போல இல்லை, பஞ்சு போல ஏதோ. அக்கரையில் யாரும் இல்லை. ஊதல் வந்துவிட்டது. ஐந்து முறை போடச் சொன்னேன்.

பக்கத்துத் திரையில் வளவு மழை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சத்தமே கிடையாது. துளிகள் நாலு கூரையிலிருந்தும் சறுக்கி விழுந்தன. கீழே “எழுதியது: தெய்வானை” என்றிருந்தது.

அட்டையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. பென்சிலை எடுத்துத் தேதி போட்டு எழுதினேன்: “ஐந்து முறை ஓட்டப்பட்டது. எனக்குக் கேட்கவில்லை. செல்வராணி.”

ஹசீனா ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். நான் மேசையில் இருந்த என் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துப் பையில் வைத்தேன். அவள் கை மெதுவாக உயர்ந்து ஹெட்போனைக் காதோடு அழுத்துவதைப் பார்த்தேன். பிறகு அவள் பென்சிலை எடுத்து, என் வரிக்குக் கீழே குனிந்து எழுதினாள்.

“கேட்டது. ஹசீனா.”